பேசினிலிருந்து ரவுணுக்கு: புதிதாக வேலைக்குப் போகும் தம்பிக்கு

போன வெள்ளிக்கிழமை பின்னேரப் பூசைக்கு பேசின் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தேன். மெல்பேர்ண் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. கனடாவிலும் லண்டனிலும் இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். த பேசின் என்பது மெல்பேர்ண் ரவுணிலிருந்து கிழக்கே முப்பது கிலோமீற்றர் தள்ளி, டண்டினோங் மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு சின்ன ஊர். மவுண்டன் ஹைவே மலையேறத் தொடங்குகிற இடத்தில், 1992இலிருந்து ஸ்ரீ வக்ரதுண்ட விநாயகர் குடியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் மலை என்ற ஒன்றைக் கண்டிராத எங்களுக்கு மலையடியில் ஒரு பிள்ளையார். குளிர்காலத்தில் மூடுபனிக்குள் கோபுரம் பாதிதான் தெரியும்.

பூசை முடிந்து வெளியில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும்போது ஒரு தம்பி வந்து கதைத்தான். இருபத்தைந்து வயசு இருக்கும். பொரோனியாப் பக்கம் நாலு பெடியளோடு அறை எடுத்து இருக்கிறான்.

"அண்ணை, திங்கக்கிழமை வேலை தொடங்குது. ரவுணுக்கை. நீங்கள் அங்கைதானே வேலை செய்யிறனீங்கள்? அந்தச் சுத்துவட்டாரம் எப்பிடி?"

"எந்தப் பக்கம் தம்பி?"

"லிற்றில் லொன்ஸ்டேல் ஸ்ரீற். மெல்பேர்ண் சென்ரல் ஸ்ரேசனிலை இறங்கச் சொன்னவை."

பக்கத்தில் நின்ற ஒரு ஐயா முந்திக்கொண்டார். "அதிலை என்ன தெரியோணும்? ரெயினிலை போறது, வேலையைச் செய்யிறது, ரெயினிலை வாறது. அங்கை இங்கை மினைக்கெடாமல் வீட்டை வாரும்."

இன்னொருவர் ரவுணுக்குள் கார் விடப் போகாதே, காசைப் பிடுங்கிப் போடுவாங்கள் என்றார். மூன்றாமவர் இரண்டு வருசத்தில் வீடு வாங்குவதற்கு எந்தப் பக்கம் நல்லம் என்று தொடங்கிவிட்டார். பெடியன் இன்னும் முதல் சம்பளமே எடுக்கவில்லை. அதற்குள் அவனுக்கு பக்கன்ஹாமில் காணி பார்த்தாயிற்று!

எங்களுடைய சனத்தின் புத்திமதி இப்படித்தான். எந்தப் பள்ளிக்கூடம், எந்த சபேர்ப், எந்த வங்கியில் வட்டி குறைவு, எல்லாம் விரல்நுனியில் இருக்கும். ஆனால் ஒரு மனிசன் கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணித்தியாலம் கழிக்கப் போகிற இடத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. "போனமா வந்தமா" என்பதுதான் எங்கள் தாரக மந்திரம். அந்த மந்திரத்தில் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அது எங்கே வந்தது என்று சொல்லிப்போட்டு மற்றதுக்கு வருகிறேன்.

2011இல் நான் ரவுணுக்குள் வேலைக்குப் போகத் தொடங்கினேன். துப்புரவு வேலை. பின்னேரம் ஆறு மணிக்கு எல்லோரும் வீட்டுக்குப் போகும்போது நாங்கள் போவோம். ஸ்ரேசனால் வெளியில் வந்து, ஒரு சந்து, இன்னொரு சந்து, குப்பைப் பெட்டிகள் நிற்கிற ஒரு பின்கதவு. ஏழு நிமிச நடை. இரண்டரை வருசம் எனக்குத் தெரிந்த மெல்பேர்ண் அந்த ஏழு நிமிசம்தான். சாப்பாட்டை அவசரகால மாடிப்படியில் இருந்து சாப்பிடுவேன். பாணும் பருப்பும். வெளியில் போய் எங்கேயாவது இருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்ற பயம். கையில் விசா இருந்தது. இருந்தும் பயம். கொழும்பில் லொட்ஜில் இருந்த காலத்தில் பழகிய பயம் கப்பல் ஏறினாலும் கூடவே வரும்.

சம்பளம் மணித்தியாலத்துக்கு 13 டொலர். கையில் காசாக, கடித உறைக்குள். எனக்கு அது பெரிய காசாகத்தான் தெரிந்தது. ஊர்க் காசுக்கு மாற்றிப் பார்க்கிற பழக்கம் இருந்ததே! 2011 யூலையில் இந்த நாட்டின் ஆகக் குறைந்த சட்டபூர்வச் சம்பளம் 15.51 டொலர் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கோ. மணிக்கு 2.51 டொலர் குறைவு. கிழமைக்கு 30 மணித்தியாலம் என்றால் 75 டொலர். வருசத்துக்கு 3900 டொலருக்கு மேல். இரவு வேலைக்கும் கஷுவல் வேலைக்கும் மேலதிகமாகத் தரவேண்டியதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

எங்களோடு ஒரு வியட்நாமிய அக்கா வேலை செய்தா. எண்பதுகளில் அவவும் படகில் வந்தவதான். ஒரு நாள் வேலைக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக வரச் சொன்னா. வந்தேன். ஸ்ரேசனிலிருந்து வழமையான சந்துக்குள் போகாமல் மற்றப் பக்கம் திரும்பி நடந்தா. பத்து நிமிசம் இருக்கும். விக்டோரியா வீதி மூலையில் தூண்கள் வைத்த பழைய கட்டடம் ஒன்று. "இஞ்சை போய்க் கேள்" என்றா. அதுதான் ட்ரேட்ஸ் ஹோல். தொழிற்சங்கங்களின் கட்டடம். இரண்டரை வருசமாக நான் மாடிப்படியில் இருந்து பாண் சாப்பிட்ட இடத்திலிருந்து பத்து நிமிச நடையில் அது இருந்திருக்கிறது.

முழுக் காசும் வரவில்லை. பாதிதான் வந்தது. காரணம், நான் எத்தனை மணித்தியாலம் வேலை செய்தேன் என்பதற்கு அத்தாட்சி வேணும் என்றார்கள். மளிகைக் கடையில் தைப்பொங்கலுக்குத் தருகிற முருகன் படம் போட்ட கலண்டரில் கடைசி 14 மாதமும் நான் மணித்தியாலத்தைக் குறித்து வைத்திருந்தேன். வட்டம் போட்ட அட்டமி நவமிக்குப் பக்கத்தில் "6-11.30" என்று. அதற்கு முந்தின காலத்துக்கு எழுதி வைக்கவில்லை. எழுதினதுக்குக் காசு வந்தது. எழுதாதது போனது போனதுதான்.

ஆகையால் அந்தத் தம்பியை கோயில் மதிலோரமாகக் கூட்டிக்கொண்டு போய், ஐயாமார் சொல்லாத அந்தச் சுத்துவட்டாரத்தைச் சொன்னேன். அரை மணித்தியாலம் குளிருக்குள் நின்று சொன்னது இது.

முதலில் வீதிகளின் கணக்கு. மெல்பேர்ண் ரவுணை 1837இல் ரொபேர்ட் ஹொடில் என்ற நில அளவையாளர் சதுரங்கப் பலகை மாதிரிக் கோடு கீறி வைத்தார். பெரிய வீதி 99 அடி அகலம். சின்ன வீதி 33 அடி. கிழக்கு மேற்காகப் போகிற பெரிய வீதிக்குப் பக்கத்தில் அதே பெயரில் ஒரு "லிற்றில்" வீதி இருக்கும். பெரியம்மா, சின்னம்மா மாதிரி. லொன்ஸ்டேலுக்கு லிற்றில் லொன்ஸ்டேல், பேர்க்குக்கு லிற்றில் பேர்க். புதிதாக வருகிறவர்கள் "லிற்றில்" என்பதை விட்டுப்போட்டு மற்ற வீதியில் போய் இலக்கம் தேடுவார்கள். முதல் நாள் நானும் தேடினேன். கடிதத்திலோ தொலைபேசியிலோ அந்த ஒரு சொல்லைத் தவறவிடக்கூடாது.

ரெயின். பொரோனியாவில் ஏறினால் பெல்கிறேவ் பாதை ரெயின் ரவுணுக்குப் போக ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறையும். பேசினில் இருக்கிறவர்களுக்கு அதற்கு முதல் ஒரு பஸ். அந்த பஸ்சைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை கொக்கற்றூக்களோடு கதைத்துக்கொண்டு நிற்கலாம். ஆகவே முதல் கிழமை ஒரு ரெயின் முன்னதாகவே போகச் சொன்னேன். வார நாளில் காலை 7.15க்கு முதல் மைக்கியைத் தட்டி வெளியில் வந்தால் மெட்ரோ ரெயின் இலவசம். வெள்ளெனப் போகிற துப்புரவுக்காரர், சமையல்காரர் பலருக்கே இது தெரியாது. 2025 கடைசியில் திறந்த மெட்ரோ சுரங்கப்பாதையில் "ஸ்ரேற் லைப்ரரி" என்று ஒரு புது ஸ்ரேசன் வந்திருக்கிறது. அது மெல்பேர்ண் சென்ரலோடு ஒட்டினது. பெயரைப் பார்த்துக் குழம்பத் தேவையில்லை. எங்கள் பெல்கிறேவ் ரெயின் அதுக்குள் போகாது.

ரவுணுக்குள் ட்ராம் இலவசம். 2015 ஜனவரி 1இலிருந்து அப்படித்தான். ஆனால் அதற்கு எல்லை உண்டு. வடக்கே விக்டோரியா வீதியைத் தாண்டினால் மைக்கி தட்ட வேண்டும். இலவசம்தானே என்று நித்திரையில் பல்கலைக்கழகம் வரை போய் தண்டம் கட்டின பெடியள் எனக்குத் தெரியும்.

மெல்பேர்ண் சென்ரல் கடைத்தொகுதிக்குள் நடுவில், கண்ணாடிக் கூம்புக்குக் கீழே, ஒரு செங்கல் கோபுரம் நிற்கும். 50 மீற்றர் உயரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருக்கின ஈயத்தை மேலேயிருந்து துளித்துளியாக விழுத்தி துவக்குச் சன்னம் செய்த இடம் அது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த நாங்கள் கடைசியில் சன்னக் கோபுரத்துக்குக் கீழேதான் ரெயினால் இறங்குகிறோம்! வழி தவறினால் அந்தக் கோபுரத்தைக் கேட்டு வந்தால் காணும்.

அதற்கு எதிரே, சுவான்ஸ்ரன் வீதிக்கு மற்றப் பக்கம், விக்டோரியா மாநில நூலகம். இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடத்தான் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

1856இல் திறந்தது. திறந்த நாளிலிருந்து காசு இல்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை. பதினாலு வயசுக்கு மேல் இருக்க வேணும், கை துப்பரவாக இருக்க வேணும், அவ்வளவுதான் அந்தக் காலத்து நிபந்தனை. இப்போது அதுவும் இல்லை. உள்ளே போனால் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். 1913இல் கட்டின எட்டுப்பக்க வாசிப்பு மண்டபம் ஒன்று இருக்கிறது. தலைக்கு மேலே 35 மீற்றர் உயரத்துக்குக் கும்மட்டம். பச்சை விளக்குப் போட்ட மேசைகள். சும்மா இருக்கலாம். வைஃபை இலவசம். கழிப்பறை துப்பரவு. குளிர்காலத்தில் சூடு, கோடையில் குளிர். வேலைக்கும் ரெயினுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் இடைவெளி இருக்கிறவனுக்கு இதைவிட என்ன வேணும்? வேலைக்கு விண்ணப்பம் எழுதலாம், ஆங்கிலம் படிக்கலாம், வீட்டுக்கு வைபரில் எழுதலாம்.

நான் முதல் தடவை அந்த மண்டபத்துக்குள் போனபோது மேலே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். 1981இல் எங்கள் நூலகத்தில் எரிந்தது 97,000 புத்தகங்கள் என்று சின்ன வயசில் இருந்து கேட்டு வளர்ந்தவன் நான். எரியாத நூலகம் ஒன்றுக்குள் நிற்கிறது எப்படி இருக்கும் என்று எனக்கு அதற்கு முதல் தெரியாது. அதை இதற்கு மேல் விளக்க எனக்கு வராது.

இந்த நூலகத்தைத் தொடங்க முன்னின்றவர் ரெட்மண்ட் பரி என்ற நீதிபதி. நெட் கெலிக்குத் தூக்குத் தண்டனை விதித்ததும் அவர்தான். 1880 நவம்பர் 11இல் கெலியைத் தூக்கிலிட்ட பழைய சிறைச்சாலை ரசல் வீதியில், நூலகத்தின் பின்பக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கெலி போட்டிருந்த இரும்புக் கவசம் நூலகத்துக்குள் இருக்கிறது. வெள்ளைக்காரச் சகபாடிகளோடு கதைக்க விசயம் இல்லாமல் முழிக்கிறவர்களுக்கு நெட் கெலி நல்ல விசயம். கிரிக்கெற்றுக்கு அடுத்தபடி. ஃபுட்டி பற்றி மட்டும் தெரியாமல் கதைக்கப் போகாதேயுங்கோ, பிறகு எந்த அணி என்று கேட்பார்கள் :)

சாப்பாடு. முதல் மூன்று மாதம் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகச் சொன்னேன். ரவுணில் ஒவ்வொரு நாளும் கடையில் சாப்பிட்டால் ஊருக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. ஆனால் மாடிப்படியில் இருந்து சாப்பிடாதே என்றும் சொன்னேன். நூலகத்துக்கு முன்னால் புல்வெளியும் படியும் இருக்கிறது. வெயில் என்றால் அங்கே. கொஞ்சம் அமைதி வேணும் என்றால் மேற்கே பத்துப் பன்னிரண்டு நிமிசம் நடந்தால் ஃபிளாக்ஸ்ராஃப் பூங்கா. பெரிய மரங்கள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் எடுத்துப் போனால் ஒருத்தரும் மூக்கைப் பிடிக்க மாட்டார்கள். ஒஃபிஸ் மைக்ரோவேவில் கருவாட்டுக் குழம்பு சூடாக்குவது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அது வேண்டாம் என்பதுதான் அந்தக் கருத்து.

கட்டாத நாளில், மரக்கறிக்காரருக்கு ஒரு வழி இருக்கிறது. சுவான்ஸ்ரன் வீதியில் ரவுண் ஹோல் பக்கமாகப் போனால் மாடியில் ஹரே கிருஷ்ணாக்காரரின் "கிறொஸ்வேய்ஸ்" என்ற சாப்பாட்டுக்கடை. ஒரு விலை, வயிறு நிறையச் சாப்பிடலாம். பருப்பில் உறைப்புக் காணாது. பையில் மிளகாய்த்தூள் வைத்திருக்கிற ஒரு அண்ணரை அங்கே அடிக்கடி காணலாம். அது நான்தான்.

குயின் விக்டோரியா மார்க்கெற், எலிசபெத் வீதியால் வடக்கே நடந்தால் பத்து நிமிசம். 1878இலிருந்து இருக்கிறது. திங்களும் புதனும் பூட்டு. இது தெரியாமல் போய் ஏமாறாதவர் இல்லை. மூடுகிற நேரம் போனால் மரக்கறிக்காரர் பெட்டிபெட்டியாகக் கூவிக் கூவி விற்பார்கள். சாமான் பையோடு பொரோனியா ரெயினில் ஏறும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கும். கத்தரிக்காயின் விலையை நினைத்தால் வெட்கம் போய்விடும். 1950இலிருந்து அங்கே ஒரு வானில் சுடச்சுட ஜாம் டோனற் விற்கிறார்கள். முதல் சம்பளத்தில் அதை வாங்கிச் சாப்பிடச் சொன்னேன். அந்த மார்க்கெற்றின் ஒரு பக்கம் மெல்பேர்ணின் பழைய மயானத்தின் மேல்தான் நிற்கிறது. சுமார் 9000 பேர் இன்னும் கீழே கிடக்கிறார்கள். எங்களுடைய ஆட்கள் கேள்விப்பட்டால் மார்க்கெற்றுக்குப் போய் வந்து தோய்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள்.

இனி ட்ரேட்ஸ் ஹோல்.

விக்டோரியா வீதியும் லைகன் வீதியும் சந்திக்கிற மூலை. அதற்கு எதிரே, ரசல் வீதி முனையில், ஒரு கல்தூண். உச்சியில் உலக உருண்டை, அதோடு 888 என்று மூன்று எட்டு. முதல் நாள் அதைப் பார்த்து ஏதோ லொத்தர் விளம்பரம் என்று நினைத்தேன். எட்டு மணித்தியாலம் வேலை, எட்டு மணித்தியாலம் பொழுதுபோக்கு, எட்டு மணித்தியாலம் ஓய்வு என்பதுதான் அதன் அர்த்தம். 1856 ஏப்ரல் 21இல் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்துக்குக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த கல்தச்சர்கள் உளியைப் போட்டுவிட்டு பாராளுமன்றக் கட்டடம் வரை ஊர்வலமாகப் போனார்கள். சம்பளம் குறையாமல் எட்டு மணி நேர வேலையை வென்றார்கள். நூலகம் திறந்த அதே வருசம். பிறகு அந்தத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு மண்டபம் கட்டினார்கள். இப்போது நிற்கிற கட்டடம் 1874இலிருந்து கட்டத் தொடங்கினது.

தம்பிக்கு இந்தச் சரித்திரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நான் சொன்னது சரித்திரத்துக்காக இல்லை. அந்தக் கட்டடத்துக்குள் இப்போது மைக்ரண்ட் வேக்கர்ஸ் சென்ரர் என்று ஒன்று 2018இலிருந்து இயங்குகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளிகளுக்கென்றே. போய்க் கேட்கலாம். ஃபெயார் வேர்க் அலுவலகத்துக்கு 13 13 94 என்ற இலக்கத்துக்கு அடிக்கலாம். ஆங்கிலம் தடக்கினால் முதலில் 13 14 50க்கு அடித்து "தமிழ்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைத்து விடுவார்கள். இந்த இரண்டு இலக்கத்தையும் அவனுடைய ஃபோனில் அந்த இடத்திலேயே பதிய வைத்தேன். கோயிலுக்குப் போய் விபூதி பூசின கை. அந்தக் கையாலேயே பதிந்தான்.

பிறகு கணக்கு. 2025 யூலை 1இலிருந்து ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 24.95 டொலர். ஒவ்வொரு யூலையும் மாறும். அந்த நேரம் பார்த்துக்கொள்ள வேணும். கஷுவல் என்றால் அதற்கு மேல் 25 வீதம். உமது தொழிலுக்கான அவார்ட்டில் இதைவிடக் கூடவும் இருக்கலாம். சூப்பர் 12 வீதம். சம்பளம் தந்து ஒரு வேலை நாளுக்குள் பேஸ்லிப் தர வேணும். "இரண்டு கிழமை வேலை பழகு, பிறகு சம்பளம்" என்றால் அது சட்டவிரோதம். தெரிந்துகொண்டே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது 2025 ஜனவரி 1இலிருந்து குற்றவியல் குற்றம். விசாவைக் காட்டி வெருட்டி வேலை வாங்குவது 2024 யூலை 1இலிருந்து தனிக் குற்றம். போன சம்பளத்தை ஆறு வருசத்துக்குள் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் முதல், கலண்டரில் எழுதும். ஃபோனிலும் எழுதும், கலண்டரிலும் எழுதும்.

"அண்ணை, வேலை தந்தவர் எங்கட ஆள்" என்றான் தம்பி. தலையைக் குனிந்துகொண்டு.

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். எங்களுடைய ஆள் என்றால் நல்லது. நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது வேலை தந்தவர் ஒரு தமிழர்தான், சதம் பிசகாமல் தந்தார். ஆனால் "எங்கட ஆள்" என்பது பேஸ்லிப்புக்குப் பதில் ஆகாது. ஊர்க்காரர், ஒன்றாய்ப் படித்தவர், கோயிலில் காண்கிறவர் என்ற கூச்சத்தில் சம்பளத்தைக் கேட்காமல் விடுவது எங்களிடம் பெரிய வருத்தம். அந்தக் கூச்சத்தில் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இதை எழுதினால் சிலர் கோபிப்பார்கள் என்று தெரியும். கோபிக்கட்டும்.

அந்த ஐயா சொன்ன "போனமா வந்தமா"வையும் நான் முழுதாகப் பிழை சொல்ல மாட்டேன். செக்பொயின்ற் காலத்தில் அந்தப் புத்திதான் எங்களைக் காப்பாற்றியது. வீதியில் நிற்காதே, கண்ணில் படாதே, கேள்வி கேட்காதே. அப்படி வாழ்ந்தவர் அப்படித்தான் சொல்லுவார். இன்றும் பிரிட்ஜிங் விசாவோடு பத்துப் பன்னிரண்டு வருசமாக இருக்கிறவர்களின் பயம் கற்பனையும் இல்லை. 2023இல் ரெம்பரறி விசாக்காரருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. ஃபாஸ்ற் ட்ராக்கில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்கள் அதற்குள் வரவில்லை. 2024இல் டொக்லண்ட்ஸில் உள்துறை அலுவலகத்துக்கு முன்னால் மாதக்கணக்காகக் கூடாரம் அடித்து இருந்தார்களே, அவர்களில் எங்களுடைய பிள்ளைகள் எத்தனை பேர்! அதுவும் இந்த ரவுணின் சுத்துவட்டாரம்தான். இலவச ட்ராமில் போகிற தூரம்.

ட்ரேட்ஸ் ஹோலிலிருந்து இன்னும் கொஞ்சம் வடக்கே, சுவான்ஸ்ரன் வீதியில் லிங்கன் சதுக்கப் பூங்காவுக்குப் பக்கத்தில் பார்க் ஹொட்டேல் என்று ஒரு கட்டடம் இருந்தது. மனுஸ், நவுறு தீவுகளில் இருந்து வைத்தியத்துக்கென்று கொண்டுவந்த அகதிகளை 2020 டிசம்பரிலிருந்து அதற்குள் அடைத்து வைத்திருந்தார்கள். திறக்க முடியாத கண்ணாடி யன்னல். 2022 ஜனவரியில் ஜோகோவிச்சை சில நாள் அதற்குள் போட்டபோதுதான் உலகத்துக்கே அந்த இடம் தெரிந்தது. கடைசி ஆட்களை ஏப்ரல் 2022இல் விட்டார்கள். அந்தக் காலத்தில் வேலை முடிந்து சில நாள் நான் அந்தப் பூங்காவில் போய் நின்றிருக்கிறேன். யன்னலுக்குள் நிற்கிறவர்கள் கை காட்டுவார்கள். நானும் கை காட்டுவேன். வேறு என்ன செய்ய? தம்பிக்கு அந்தக் கட்டடத்தையும் சொன்னேன். சுத்துவட்டாரம் என்றால் டோனற் கடை மட்டும் இல்லையே.

ஒரு வேண்டுகோள். எங்களுடைய கோயில்களிலும் தமிழ்ப் பள்ளிக்கூடங்களிலும் மளிகைக் கடைகளிலும் அறிவித்தல் பலகை இருக்கிறது. அறை வாடகைக்கு, நடன அரங்கேற்றம், புத்தாண்டு ராத்திரி, காணி விற்பனை. அதில் ஒரு மூலையில், மேலே சொன்ன இரண்டு தொலைபேசி இலக்கத்தையும் இந்த வருசக் குறைந்த சம்பளத்தையும் தமிழில் எழுதி ஒட்டினால் என்ன? ஒரு ஏ4 தாள். நான் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை மளிகைக் கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கப் போகிறேன். வருசாவருசம் யூலையில் தொகையை மாற்றி எழுதித் தருவது என் பொறுப்பு.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். குளிரில் மூக்கு சிவந்துவிட்டது. கடைசியில் ஒன்று கேட்டான்.

"அண்ணை, அந்த லைப்ரரிக்குள்ளை உண்மையா ஒண்டும் கேக்க மாட்டினமோ? ஐடி கீடி?"

"ஒண்டும் கேக்க மாட்டினம். புதன்கிழமை உமக்கு எத்தினை மணிக்கு சாப்பாட்டு இடைவேளை?"

"பன்னிரண்டரை எண்டவை."

"அப்ப பன்னிரண்டு நாப்பதுக்கு முன்படியிலை நிப்பன். முதல் சாப்பிடுவம், பிறகு உள்ளுக்குப் போவம்."

"சரி அண்ணை. அறையிலை ஒருத்தன் நல்லாப் புட்டு அவிப்பான். உங்களுக்கும் சேர்த்துக் கொண்டுவாறன்."

மிளகாய்த்தூள் நான் கொண்டு போகிறேன்.